டல்சா, கிரீன்வுட்: வழிகாட்டியோடு நடக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கிறது டல்சா. 1921 மே 31 இரவிலும் ஜூன் 1 பகலிலும் அந்த ஊரின் கறுப்பினத்தவர் பகுதியான கிரீன்வுட்டை வெள்ளையர் கூட்டம் சூறையாடிக் கொளுத்தியது. அந்தத் தெருக்களில் இன்று உள்ளூர் வழிகாட்டிகள் ஆட்களை நடத்திக் கூட்டிப் போய் வரலாற்றைச் சொல்கிறார்கள். டல்லஸ், ஹூஸ்டன், ஓக்லஹோமா சிட்டி பக்கமிருந்து காரில் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களும் இந்த நடைக்கு வருவதுண்டு. கிளம்புமுன் படிக்க வேண்டியவை இங்கே.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது? இடிபாடுகள் மிச்சம் இருக்கின்றனவா?

இல்லை. இதை மனதில் வாங்கிக்கொண்டு வராவிட்டால் முதல் பத்து நிமிடத்திலேயே ஏமாற்றம் வந்துவிடும். கருகிய சுவர் என்று எதுவும் நிற்கவில்லை. ஒரு தெருவில் இரண்டு பக்கமும் செங்கல் கடைகள், பக்கத்தில் பேஸ்பால் மைதானம், தலைக்கு மேலே விரைவுச்சாலை, அதைத் தாண்டினால் ஒரு தேவாலயமும் பல்கலைக்கழகப் புல்வெளியும். அந்தச் செங்கல் கடைகளும் எரிந்ததில் தப்பியவை அல்ல. தீக்குப் பிறகு அந்த மக்களே எழுப்பியவை. கிரீன்வுட் அவென்யூவில் 1921-க்கு முந்தியது என்று கைகாட்டக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: வெர்னன் ஏ.எம்.ஈ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) தேவாலயத்தின் நிலவறை. தெருவுக்குக் கீழே இருப்பதால் அதுவும் கண்ணில் படாது.

ஆகவே இந்த நடையில் பாதி நேரம் கீழே குனிந்து நடைபாதைத் தகடுகளைப் படிப்பதில் போகும். மீதி நேரம், இல்லாமல் போனது எங்கே இருந்தது என்று அளந்து பார்ப்பதில் போகும். பழைய வரைபடமும் படங்களும் கையில் வைத்திருக்கும் வழிகாட்டி இதனால்தான் தேவைப்படுகிறார்.

1921-இல் நடந்தது என்ன?

மே 30, திங்கட்கிழமை. டிக் ரோலண்ட் என்ற 19 வயது கறுப்பின இளைஞர், காலணி துடைக்கும் வேலை செய்பவர், தெற்கு மெயின் தெருவில் இருந்த ட்ரெக்சல் கட்டடத்தின் மின்தூக்கியில் ஏறினார். அதை இயக்கியவர் சாரா பேஜ் என்ற வெள்ளையினப் பெண். அவர் அலறினார், ரோலண்ட் ஓடினார். ரோலண்ட் தடுமாறி அந்தப் பெண்ணின் காலை மிதித்திருக்கலாம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். மறுநாள் ரோலண்டைக் கைது செய்தார்கள். அன்று மாலை டல்சா ட்ரிப்யூன் பத்திரிகை, மின்தூக்கியில் பெண்ணைத் தாக்கிய கறுப்பன் பிடிபட்டான் என்ற தொனியில் முதல் பக்கத்தில் போட்டது. இருட்டுவதற்குள் நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

கறுப்பினத்தவர் ஏன் துப்பாக்கியோடு நீதிமன்றத்துக்கு வந்தார்கள் என்று கேட்காதவர் இல்லை. அதற்கான பதில் ஒன்பது மாதம் முன்னால் இருக்கிறது. 1920 ஆகஸ்டில் இதே சிறையிலிருந்து ராய் பெல்டன் என்ற வெள்ளைக்காரக் கைதியைக் கூட்டம் இழுத்துப் போய்த் தூக்கிலிட்டது. போலீஸ் தடுக்கவில்லை. வெள்ளைக்காரனுக்கே அந்தக் கதி என்றால் ரோலண்டுக்கு என்ன நடக்கும் என்பது கிரீன்வுட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் சென்றது சிறைக்குக் காவலாக நிற்கிறோம் என்று சொல்ல. ஷெரிஃப் வில்லார்ட் மெக்கல்லோ அந்த உதவியை மறுத்தார். ஆனால் கைதியை விட்டுக்கொடுக்கவும் இல்லை. மின்தூக்கியை நிறுத்திவைத்து மாடிப்படி உச்சியில் ஆயுதத்தோடு ஆட்களை நிறுத்தினார்.

இரவு பத்து மணிவாக்கில், ஒரு கறுப்பினத்தவர் கையிலிருந்த துப்பாக்கியை ஒரு வெள்ளைக்காரர் பிடுங்கப் போக, ஒரு குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு நின்றதே இல்லை. போலீஸ் நூற்றுக்கணக்கான வெள்ளையரை அங்கேயே சிறப்புக் காவலர்களாக நியமித்தது. சிலருக்கு ஆயுதமும் கொடுத்தது. விடியற்காலை ஐந்து மணியளவில் ஊதல் ஒலி ஒன்று கேட்டது. கூட்டம் ரயில் பாதையைக் கடந்து கிரீன்வுட்டுக்குள் புகுந்தது. முதலில் வீட்டிலிருந்தவர்களை வெளியேற்றினார்கள், பிறகு பொருளை எடுத்தார்கள், கடைசியில் நெருப்பு வைத்தார்கள். வீட்டுக்கு வீடு அதே வரிசை. ஓக்லஹோமா சிட்டியிலிருந்து தேசியக் காவல்படை காலை ஒன்பதுக்கு மேல் வந்து, 11.29-க்கு ராணுவச் சட்டம் அமலானபோது எரிய வேண்டியதெல்லாம் எரிந்திருந்தது. ஏறத்தாழ 35 பிளாக்குகள். செஞ்சிலுவைச் சங்கக் கணக்கில் எரிந்த வீடுகள் 1,256; எரியாமல் கொள்ளை மட்டும் போனவை 215.

ரோலண்ட் என்ன ஆனார்? உயிரோடு ஊரைவிட்டு வெளியேறினார். அதே ஆண்டு செப்டம்பரில் வழக்கே கைவிடப்பட்டது.

எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும்? எவ்வளவு தூரம்?

பெரும்பாலான நடைகள் கிரீன்வுட், ஆர்ச்சர் தெருக்கள் சந்திக்கும் முனையில் தொடங்கும். அங்கிருந்து வடக்கே செங்கல் கடைகள், விரைவுச்சாலைப் பாலத்தின் அடி, வெர்னன் தேவாலயம், எதிரே கிரீன்வுட் கலாசார மையம். பிறகு மேற்கே திரும்பி விரைவுச்சாலையை ஒட்டிய நடைபாதையில் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் நல்லிணக்கப் பூங்கா, அங்கிருந்து எல்ஜின் அவென்யூவில் மவுண்ட் ஜயன் பாப்டிஸ்ட் தேவாலயம், மறுபடியும் ஆர்ச்சர். மொத்தச் சுற்று இரண்டு கிலோமீட்டர்தான். நின்று கேட்டு, படித்து, படம் பார்த்துப் போனால் இரண்டு மணி நேரம் தாராளமாக ஆகும். ஒன்றரை மணிக்குள் முடித்துவிடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் வழக்கமாகப் பூங்காவைக் கோட்டைவிடுகிறார்கள்.

கால் தாங்குமென்றால் இன்னும் ஒரு மைல் தெற்கே, ஆறாவது தெருவும் போல்டர் அவென்யூவும் சேரும் இடத்தில் தொடங்குங்கள். பழைய நீதிமன்றம் நின்ற இடம் அது. கட்டடம் இப்போது இல்லை. ஆனால் அங்கிருந்து வடகிழக்காக நடந்து ரயில் பாதையைக் கடந்து ஆர்ச்சருக்கு வந்தால், அன்றிரவு கறுப்பினத்தவர் சுட்டுக்கொண்டே பின்வாங்கிய திசையில் நீங்களும் வருகிறீர்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவே எல்லையாக இருந்தது ஒரு ரயில் பாதைதான் என்பது காலால் கடக்கும்போது விளங்குகிற அளவுக்குப் படத்தைப் பார்த்தால் விளங்காது. இந்தத் துண்டைச் சேர்த்தால் முக்கால் மணி நேரம் கூடும்.

நடைபாதைத் தகடுகளை எப்படிப் படிப்பது?

கிரீன்வுட் அவென்யூவின் நடைபாதையில் சிறிய உலோகத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் கடையின் பெயர், முகவரி, 1921-இல் அழிக்கப்பட்டது என்ற வரி, அதற்குக் கீழே மீண்டும் திறந்ததா இல்லையா என்ற குறிப்பு. அந்தக் கடைசிக் குறிப்பைத் தவறாமல் பாருங்கள். மீண்டும் திறந்தவற்றையும் திறக்காதவற்றையும் கையிலேயே இரண்டு கணக்காக எண்ணிக்கொண்டு போனால் தெருவின் கதை முழுவதும் அதில் வந்துவிடும்.

உதாரணத்துக்கு இரண்டு பேர். லூலா வில்லியம்ஸ் நடத்திய ட்ரீம்லேண்ட் திரையரங்கு எரிந்தது, மீண்டும் கட்டித் திறந்தார். ஜே.பி. ஸ்ட்ராட்ஃபோர்டின் 54 அறை கொண்ட ஹோட்டல் எரிந்தது, திறக்கவேயில்லை. ஏனென்றால் கலவரத்தைத் தூண்டினார் என்று அவர் மீதே குற்றம் சுமத்தினார்கள். அவர் ஊரைவிட்டுத் தப்பினார், திரும்பவே இல்லை. அந்தக் குற்றச்சாட்டை அரசு தள்ளுபடி செய்தது 1996-இல். அப்போது அவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

தகடுகள் சின்னவை. கூட்டமாக நடக்கும்போது முன்னால் போகிறவர்கள் அவற்றின் மேலேயே நின்றுவிடுவார்கள். நான்கு நான்கு பேராகப் பிரிந்து தெருவின் இரு பக்கமும் போவது நல்லது. உச்சி வெயிலில் உலோகம் கண்ணைக் கூசும், போட்டோவில் எழுத்து விழாது. காலையில் அல்லது சாய்ந்த வெயிலில் எடுங்கள்.

விரைவுச்சாலைப் பாலத்தின் அடியில் ஏன் நிறுத்துகிறார்கள்?

கிரீன்வுட் இரண்டு முறை அழிந்தது என்பதால். இந்த நடையில் பலரும் எதிர்பார்க்காதது இதுதான். பேசப்படாமல் போவதும் இதுதான்.

1921-க்குப் பிறகு அந்தத் தெரு சாம்பலாகவே கிடக்கவில்லை. 1925-இலேயே தேசியக் கறுப்பின வணிகர் சங்கத்தின் ஆண்டு மாநாடு டல்சாவில் நடந்தது. 1940களின் தொடக்கத்தில் அங்கே கறுப்பினத்தவர் நடத்திய கடைகளும் தொழில்களும் 240-க்கு மேல். நகரமோ மாநிலமோ இழப்பீடாக ஒரு டாலர்கூடத் தராமல் அவர்கள் மறுபடி கட்டியது அது. அதன் பிறகு நகர்ப்புறச் சீரமைப்பு என்ற பெயரில் நிலத்தைக் கையகப்படுத்தி, 1960களின் பிற்பகுதியில் 244-ஆம் எண் விரைவுச்சாலையை அந்த வணிகத் தெருவின் குறுக்கே போட்டார்கள். செங்கல் கடைகளின் வரிசை ஏன் அந்த ஒரு பிளாக்கோடு நின்றுபோகிறது என்று கேட்டால், பதில் உங்கள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு நடைமுறைச் சிக்கல்: பாலத்தின் அடியில் லாரிச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்காது. நல்ல வழிகாட்டிகள் பேச வேண்டியதைப் பாலத்துக்கு முன்பே பேசி முடித்து, அடியில் சும்மா நிற்கவைப்பார்கள். நீங்களும் அங்கே கேள்வி கேட்காதீர்கள். சுவரில் வரைந்திருக்கும் ஓவியத்தைப் பார்த்துவிட்டு மறுபக்கம் போய்க் கேளுங்கள்.

இறந்தவர்கள் எத்தனை பேர்?

அன்று அதிகாரபூர்வமாகச் சொன்னது 36. மாநிலம் அமைத்த ஆணையம் 2001 அறிக்கையில் ஆவணங்களைக் கொண்டு உறுதி செய்தது 39: கறுப்பினத்தவர் 26, வெள்ளையர் 13. வரலாற்றாளர்களின் மதிப்பீடு 300 வரை போகிறது. இவ்வளவு இடைவெளிக்குக் காரணம் உண்டு. ராணுவச் சட்டத்தின்போது நகருக்குள் இறுதிச் சடங்கு நடத்தத் தடை. ஆயிரக்கணக்கானோர் காவலில் அடைபட்டிருந்தார்கள். தங்கள் வீட்டாரைத் தேடிப்போக முடியவில்லை. வெளியே வந்தபோது உடல்கள் எங்கோ புதைக்கப்பட்டிருந்தன. ஊரைவிட்டு ஓடியவர் யார், இறந்தவர் யார் என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. வழிகாட்டி ஒரே ஓர் எண்ணை அடித்துச் சொன்னால், எந்தக் கணக்கு அது என்று கேளுங்கள்.

‘கலவரம்’ என்று சொல்லலாமா, ‘படுகொலை’ என்றுதான் சொல்ல வேண்டுமா?

படுகொலை என்றே சொல்லுங்கள். கறுப்பு ஜூலையை இனக்கலவரம் என்று எழுதுவதா, இனப்படுகொலை என்று எழுதுவதா என்று வாதாடிய தமிழர்களுக்கு இதில் சொல் எவ்வளவு கனமானது என்று விளக்க வேண்டியதில்லை. டல்சாவில் அதற்குப் பண விஷயமும் சேர்ந்துகொண்டது. அன்றைய காப்பீட்டு ஒப்பந்தங்களில் கலவரத்தால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு விதி இருந்தது. எனவே நடந்தது கலவரம் என்று ஆனதும் எந்த நிறுவனமும் பணம் தரவில்லை. வில்லியம் ரெட்ஃபெர்ன் என்ற வெள்ளைக்காரருக்கும் கிரீன்வுட்டில் திரையரங்கு இருந்தது. அவர் வழக்குப் போட்டு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனார். 1926-இல் அவரும் தோற்றார். நகராட்சியிடம் கேட்கப்பட்ட 18 லட்சம் டாலருக்கும் மேலான இழப்பீட்டுக் கோரிக்கைகள் தள்ளப்பட்டன. மவுண்ட் ஜயன் தேவாலயம் திறந்தது 1921 ஏப்ரல் 4. இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. கட்டடம் போனது, கட்டுவதற்கு வாங்கிய 50,000 டாலர் கடன் மட்டும் நின்றது. சபையார் அந்தக் கடனை இருபது ஆண்டுகளாக அடைத்து முடித்து, பிறகு புதிதாகக் கட்டி 1952-இல் திறந்தார்கள். நீங்கள் பார்க்கப் போவது அந்தக் கட்டடம்.

இன்னொன்றும் நடந்தது. தீ அணைந்த ஒரே வாரத்தில், இனி இங்கே தீப்பிடிக்காத பொருளில்தான் கட்ட வேண்டும் என்று நகராட்சி ஒரு விதி போட்டது. வீடிழந்தவனால் முடியாத செலவு அது. நிலத்தைக் கைமாற்றுவதே நோக்கம். பி.சி. ஃபிராங்க்ளின் என்ற வழக்கறிஞர் கூடாரத்தில் அலுவலகம் போட்டு அந்த விதியை எதிர்த்து வழக்காடி முறியடித்தார். அந்த வழக்கில் அவர் தோற்றிருந்தால் செங்கல் கடைகளே இன்று இருக்காது. பூங்காவுக்கு வைத்திருப்பது அவருடைய மகனான வரலாற்றாசிரியர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளினின் பெயர்.

விமானத்திலிருந்து தாக்கினார்கள் என்பது உண்மையா?

விமானங்கள் மேலே பறந்ததில் சந்தேகமில்லை. கண்காணிக்கத்தான் பறந்தன என்று அன்றைய அதிகாரிகள் சொன்னார்கள். மேலிருந்து சுட்டதையும் எரியும் பொருளைப் போட்டதையும் பார்த்ததாகப் பல கறுப்பினச் சாட்சிகள் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பி.சி. ஃபிராங்க்ளினும் ஒருவர், 1931-இல் அவர் தட்டச்சு செய்த பத்துப் பக்கப் பிரதி 2015-இல் கிடைத்து, இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எவ்வளவு சேதம் வானிலிருந்து வந்தது, எவ்வளவு தரையிலிருந்து என்பதில்தான் விவாதம். தெருவை எரித்ததில் பெரும்பங்கு கையில் தீப்பந்தத்தோடு நடந்து வந்தவர்களுடையது. வானத்தைப் பற்றிய பேச்சில் அது மறந்துபோகக் கூடாது.

வழிகாட்டிகள் பழைய போட்டோக்களைக் காட்டுவார்களா?

காட்டுவார்கள். எல்லாவற்றையும் காட்ட மாட்டார்கள். அன்று எடுக்கப்பட்ட படங்களில் பெரும்பாலானவை வெள்ளையர் எடுத்தவை. அவற்றில் பல அஞ்சலட்டைகளாக அச்சாகிக் கைமாறின. எரியும் வீடுகளின் படத்தின் மேலேயே கறுப்பர்களை டல்சாவைவிட்டு விரட்டுகிறோம் என்று கையால் எழுதியிருக்கிறார்கள், எழுத்துப்பிழையோடு. உடல்கள் கிடக்கும் படங்களும் உண்டு. அவற்றைத் தெருவில் நின்று கைமாற்றிப் பார்ப்பது, அன்று அஞ்சலட்டை வாங்கியவர்கள் பார்த்ததுபோலவே ஆகிவிடும் என்பதால் பல வழிகாட்டிகள் தவிர்ப்பார்கள். ஏன் காட்டவில்லை என்று வற்புறுத்தாதீர்கள்.

பூங்காவில் உள்ள மூன்று வெண்கலச் சிலைகளும் இந்தப் படங்களிலிருந்து எடுத்தவைதான். ஆயுதம் தரித்த வெள்ளைக்காரர், கையை உயர்த்தி நிற்கும் கறுப்பினத்தவர், குழந்தையை ஏந்திய மோரிஸ் வில்லோஸ். கடைசியில் உள்ளவர் செஞ்சிலுவைச் சங்கத்தின் நிவாரணத்தை நடத்தியவர். மேலே சொன்ன 1,256 என்ற எண்ணும் அந்த நிவாரணப் பணியின் பதிவுகளிலிருந்து வந்ததுதான். கையை உயர்த்தி நிற்கும் சிலையின் பக்கத்தில் அதேபோல் கையை உயர்த்திச் செல்ஃபி எடுக்கும் பிள்ளைகளைக் கட்டுப்படுத்துவது பெற்றோர் பொறுப்பு.

எந்த மாதம், எந்த நேரம்?

அக்டோபர் அல்லது ஏப்ரல் முதல் பாதி. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், ஆர்ச்சரிலிருந்து பூங்கா வரை நிழல் மிகக் குறைவு. கோடையில் வந்தே ஆக வேண்டுமென்றால் காலை எட்டரைக்குத் தொடங்கும் நடையைப் பிடியுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, பட்டை வைத்த செருப்பு அல்லது ஷூ. ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஜூன் வரை சூறாவளிக் காலம். மேகம் கறுத்தால் நடையை ரத்து செய்துவிடுவார்கள், மாற்று நாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை நண்பகலில் நகரம் முழுக்கச் சங்கு ஊதினால் அது எச்சரிக்கைச் சங்கின் வாராந்திரச் சோதனை, பயப்பட வேண்டாம்.

மே 31, ஜூன் 1 நினைவு நாட்களிலும் அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடும் ஜூன் 19 விடுதலை நாளிலும் தெரு நிரம்பி வழியும். நினைவு நிகழ்ச்சியில் கலந்துகொள்ள அவை சரியான நாட்கள். நின்று தகடு படிக்கச் சரியான நாட்கள் அல்ல.

கார் எங்கே நிறுத்துவது?

தெருவோரக் கட்டண இடங்கள் உண்டு, வார நாள் காலையில் எளிதாகக் கிடைக்கும். சிக்கல் பேஸ்பால் ஆட்ட நாட்களில்தான். மைதானம் கிரீன்வுட் அவென்யூவை ஒட்டியே இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆட்டப் பட்டியலைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். மாலை ஆட்டமென்றால் நான்கு மணிக்கே இடம் நிரம்பும், ஒலிபெருக்கிச் சத்தத்தில் வழிகாட்டியின் குரல் எடுபடாது. டல்லஸிலிருந்து காரில் வந்து சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், 260 மைல் அளவில். வழியில் உள்ள சுங்கச் சாலையில் காசு வாங்க ஆள் இருக்க மாட்டார், வண்டி எண்ணைப் படமெடுத்து வீட்டுக்குக் கட்டண ரசீது அனுப்பிவிடுவார்கள். வாடகைக் கார் என்றால் அந்த நிறுவனம் தன் பங்குக்கும் கட்டணம் போடும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

பத்து, பதினொரு வயதுக்கு மேல் தயங்காமல். அதற்குக் கீழே என்றால் நீதிமன்றப் பகுதியை விட்டுவிட்டு தகடு எண்ணும் பகுதியையும் பூங்காவையும் மட்டும் காட்டுங்கள். ஆர்ச்சர் முனையில் உள்ள கிரீன்வுட் ரைசிங் காட்சியகத்தில் தாக்குதலை ஒலி, ஒளியோடு காட்டும் அறை ஒன்று இருக்கிறது; அதற்குள் போகாமல் தவிர்த்துச் செல்லவும் வழி வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கும் அது தேவைப்படலாம். எரியும் வீட்டைவிட்டு ஓடிவந்த அனுபவம் உள்ளவர்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களை அந்த அறைக்குள் அழைத்துப் போகுமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

சக்கர நாற்காலி போகுமா?

செங்கல் கடைத் தெரு, பாலத்தடி, பூங்கா எல்லாம் போகும். மவுண்ட் ஜயன் பக்கம் தரை மேடேறும், தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும்.

தேவாலயங்களுக்குள் போகலாமா?

இரண்டிலும் இன்றும் வழிபாடு நடக்கிறது, அவை காட்சியகங்கள் அல்ல. முன்கூட்டிக் கேட்டு அனுமதி பெற்றால் மட்டுமே. ஞாயிறு காலையில் போனால் வழிபாட்டுக்குப் போகிறவராகப் போங்கள், கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். வெர்னனின் நிலவறையைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். மேலே தெரு எரிந்தபோது மக்கள் ஒளிந்திருந்த இடம் அது.

பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒன்று, ‘நீக்ரோ’ என்ற சொல். நம் வீட்டுப் பெரியவர்கள் பழைய பாடப்புத்தகப் பழக்கத்தில் தமிழ்ப் பேச்சிலேயே அதைச் சொல்லிவிடுவார்கள். எந்த மொழியில் பேசினாலும் அந்தச் சொல் அங்கே நிற்பவர் காதில் அப்படியேதான் விழும். ‘காப்பிரி’ என்பதும் வேண்டாம். அது அவர்களுக்குப் புரியாது என்பதால் சரியாகிவிடாது. கறுப்பினத்தவர் என்று சொல்லிப் பழக்கப்படுத்திக் கூட்டி வாருங்கள்.

இரண்டு, கடையிலிருப்பவரிடம் போய் உங்கள் குடும்பத்தில் யாராவது இறந்தார்களா என்று கேட்காதீர்கள். அவர் காப்பி விற்க நிற்கிறார். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தெருவில் சாப்பிடுங்கள், அந்தத் தெருவில் வாங்குங்கள். வழிகாட்டிக்குக் கட்டணத்துக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் கொடுப்பது அங்கே வழக்கம்.

வழிகாட்டி இல்லாமல் நாங்களே நடக்கலாமா?

நடக்கலாம், ஆனால் இரண்டு இடத்தில் தடம் தவறும். முதலாவது பெயர்கள். கறுப்பினத்தவரைப் பிடித்து அடைத்துவைத்த மாநாட்டு மண்டபம் பிறகு பிரேடி தியேட்டர் ஆனது, இப்போது டல்சா தியேட்டர். அது இருக்கும் தெரு கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பில் உறுப்பினராக இருந்த டேட் பிரேடியின் பெயரைத் தாங்கியிருந்தது. எதிர்ப்புக்குப் பின் இப்போது நல்லிணக்கப் பாதை என்று மாறிவிட்டது. பழைய கட்டுரையை வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. அந்த மண்டபத்தைத் தவிர பேஸ்பால் மைதானமொன்றிலும் கண்காட்சித் திடலிலுமாகச் சுமார் 6,000 பேர் அடைபட்டிருந்தார்கள். வெள்ளைக்கார முதலாளி யாராவது வந்து இவன் என் ஆள் என்று சொன்னால்தான் விடுதலை. அதன் பிறகும் அடையாள அட்டை இல்லாமல் தெருவில் நடக்க முடியாது. டல்சா தியேட்டர் கிரீன்வுட்டிலிருந்து மேற்கே பதினைந்து நிமிட நடை, வழக்கமான சுற்றில் சேராது. நீங்களே போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பழைய முகவரிகள். விரைவுச்சாலையும் பல்கலைக்கழக வளாகமும் வந்தபின் வடக்கே பல தெருக்கள் இல்லவே இல்லை. கைபேசி வரைபடம் உங்களைப் புல்வெளியில் கொண்டுபோய் நிறுத்தும். அந்த இடம் தவறல்ல. அங்கே வீடுகள் இருந்தன.

யாருக்காவது தண்டனை கிடைத்ததா? இழப்பீடு?

தீ வைத்ததற்காக, கொன்றதற்காக ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை. யார் மீது குற்றம் சுமத்துவது என்று முடிவு செய்யக் கூட்டிய அன்றைய பெருநடுவர் குழு (கிராண்ட் ஜூரி) பழியைக் கறுப்பினத்தவர் மேலேயே போட்டது. உயிரோடிருந்த கடைசி மூவர் தொடுத்த வழக்கை 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளியது. 2025 ஜனவரியில் மத்திய நீதித்துறை அறிக்கை, இது ராணுவப் பாணியில் ஒருங்கிணைத்து நடத்திய தாக்குதல் என்று ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடர ஆள் எவரும் உயிரோடில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னது. அந்த ஆண்டு ஜூன் 1 அன்று, நகரின் முதல் கறுப்பின மேயரான மன்ரோ நிக்கோல்ஸ் 10.5 கோடி டாலர் அறக்கட்டளைத் திட்டம் ஒன்றை அறிவித்தார்; வீடு, நிலம், கல்வி ஆகியவற்றுக்கானது, பெரும்பாலும் தனியார் நன்கொடையில் திரட்ட வேண்டியது.

ஓக்லான் கல்லறைக்குப் போகலாமா?

போக வேண்டும். 11-ஆவது தெருவும் பியோரியா அவென்யூவும் சேரும் இடம், கிரீன்வுட்டிலிருந்து காரில் சில நிமிடம். நடந்து போகாதீர்கள், இடையில் உள்ள சாலைகள் நடப்பதற்கு ஏற்றவை அல்ல. பகல் வெளிச்சம் இருக்கும்போது போய்விடுங்கள். எடி லாக்கார்ட், ரூபன் எவரெட் என்ற இருவருக்குத்தான் அன்று கொல்லப்பட்டவர்கள் என்று தெரிந்த பழைய கல்லறைக் கற்கள் இருந்தன. மற்றவர்கள் எங்கே என்று 2020-இல் தோண்டத் தொடங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வரிசையாக அடுக்கிய பெட்டிகள் தெரிந்தன. 2024 ஜூலையில் ஒருவருக்கு முதன்முதலாகப் பெயர் கிடைத்தது: சி.எல். டேனியல், ஜார்ஜியாவைச் சேர்ந்தவர், முதல் உலகப் போர் வீரர். மகன் டல்சாவில் கொல்லப்பட்டதைச் சொல்லி, 1936-இல் அவருடைய தாய்க்காக வழக்கறிஞர் ஒருவர் அரசுக்கு எழுதிய கடிதமும் டி.என்.ஏ. பரிசோதனையும் சேர்ந்து அந்தப் பெயரைத் தந்தன.

தோண்டும் பணி நடக்கும் மாதங்களில் அந்தப் பகுதியை வேலி போட்டு மூடியிருப்பார்கள். வேலிக்கு வெளியே நில்லுங்கள், மேலே எட்டிப் படம் எடுக்காதீர்கள். பூ வைக்க விரும்பினால் பெயருள்ள கற்களின் முன்னால் வைக்கலாம்.